தேங்காய்த்திட்டு கழிமுகத்தில் சிறுவர் இயற்கைக் கல்வி

தேங்காய்த்திட்டு, புதுச்சேரி நகரின் தென்புறத்தில் அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தையொட்டிய பகுதியாகும். மீன்பிடித் துறைமுகத்தின் அருகிலேயே அலையாத்திக் காடு உள்ளதால், நகரச் சிறுவர்கள் பிச்சாவரம் வரை செல்லாமலேயே உவர்நில உயிரினங்களைத் தொட்டறிய இயலும்.

இங்குள்ள மரங்களுள் வெண்கண்டல் குறிப்பிடத்தக்கது. இது மிகுதியான உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. காய்ந்த இலைப்பரப்பை விரலால் தடவினால் உப்புத்துகள் ஒட்டும். நாவால் சுவைக்கச் சொல்வோரும் உண்டு. நகரக் கழிவுநீர் கலக்கும் இவ்விடத்தில் விரலோடு நிறுத்துவதே நன்று.

சேற்றிலிருந்து பென்சில்களைப் போல் மேல்நோக்கி நிற்பவை மூச்சுவேர்கள். தரையில் கயிற்றால் ஒரு சதுரமிட்டு அவற்றை எண்ணுவது ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஏற்றது. காற்றற்ற சேற்றில் மரம் இவற்றின் வழியே சுவாசிப்பதால் மிதித்தல் கூடாது.

நீர் வடிந்த வேளையில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் பிடில் நண்டுகள் அதனை அசைத்துப் பெண் நண்டுகளை அழைக்கும். ஆள் நிழல் பட்டால் வளைக்குள் மறையும். அசையாதிருந்தால் சில நிமிடங்களில் மீண்டும் வெளிவரும். பிடித்துப் புட்டியில் அடைப்பதைவிட இக்காத்திருப்பே சிறுவர்க்கு அதிகம் கற்பிக்கிறது.

உதிர்ந்த வெண்கண்டல் காயை நீரிலிட்டால் ஓரிரு நாட்களில் தோல் கழன்று, மடிந்த பச்சை வித்திலைகள் தெரியும். பின்னர் அதை எடுத்த இடத்திலேயே விடுதல் வேண்டும். அலை மோதும் வெற்றுச் சேற்றுத்திடலில் நட்டவை பெரும்பாலும் பிழைப்பதில்லை.

உடைந்த கண்ணாடியும் அறுந்த வலையும் சேற்றில் புதைந்திருக்கக்கூடும் என்பதால் காலணி கட்டாயம். நீரேறும் நேரத்தை மீனவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.