விளிம்பில்லாத் தோட்டாவும் சுழல் துப்பாக்கியும்

கைத்துப்பாக்கிகளில் இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. ஐந்தோ ஆறோ அறைகள் குடைந்த உருளை ஒன்று, விசையை இழுக்குந்தோறும் ஓர் அறை அளவு திரும்பி, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொணர்ந்து நிறுத்துகிற ரிவால்வர் ஒரு குடும்பம். கைப்பிடிக்குள் செருகிய மேகஸினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோட்டாக்களை, சுட்டதனால் விளையும் எதிர்விசையைக் கொண்டே தானாக ஏற்றிக்கொள்கிற பிஸ்டல் மற்றொரு குடும்பம். ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு இசைவதில்லை. இசைவின்மைக்குக் காரணம் பித்தளை உறையின் அடிப்பாகத்தில் இருக்கிறது.

.38 ஸ்பெஷல் என்னும் பிரசித்தமான ரிவால்வர் தோட்டாவை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால், அதன் அடியில் உறையைவிடச் சற்றே அகன்ற ஒரு விளிம்பு தட்டுப்படும். உறையின் விட்டம் ஏறத்தாழ 9.6 மில்லிமீட்டர், விளிம்பின் விட்டம் 11.2 மில்லிமீட்டர், ஆகப் பக்கத்துக்கு முக்கால் மில்லிமீட்டரே அது வெளியே நீண்டிருக்கிறது. அந்தச் சொற்பமான பித்தளைக்கு இரண்டு பொறுப்புகள். தோட்டா அறைக்குள் தேவைக்கு மேல் அமிழ்ந்துவிடாமல், ஊசி வந்து தாக்குவதற்கு உரிய இடத்தில் அதை நிறுத்திவைப்பது ஒன்று. சுட்டு முடிந்து உருளையை வெளியே சாய்த்துத் தண்டை அழுத்துகையில், நட்சத்திர வடிவான தகடு வெற்றுறைகளை ஒருசேரத் தள்ளுவதற்குப் பிடி கொடுப்பது மற்றொன்று.

பிஸ்டலுக்கோ இந்த விளிம்பு பெருந்தொல்லை. மேகஸினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னே மாட்டிக்கொண்டால், தோட்டா மேலேறாமல் யந்திரம் ஸ்தம்பித்துவிடும். ஆதலால் 1902-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் 9 மில்லிமீட்டர் தோட்டாவை உருவாக்கிய லூகரும், அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டலையும் அதன் தோட்டாவையும் சிருஷ்டித்த ஜான் பிரௌனிங்கும், நீட்டிக்கொண்டிருந்த விளிம்பை நீக்கி, உறையின் அடியைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டும் வெட்டினார்கள். பிஸ்டலின் கொக்கி அந்தப் பள்ளத்தைப் பற்றி வெற்றுறையை இழுத்தெறிகிறது. உறையின் வாய் அறைக்குள் இருக்கும் நுண்ணிய படியில் முட்டி நிற்பதனால் தோட்டா தன் ஸ்தானத்தில் நிலைகொள்கிறது. இப்படிப்பட்ட தோட்டாவை ரிவால்வரில் இட்டால், நட்சத்திரத் தகடு தள்ளுவதற்கு யாதொரு பிடியும் கிடைப்பதில்லை.

இவ்விரண்டையும் இணைக்கும் நிர்ப்பந்தத்தை ஏற்படுத்தியது முதல் உலக யுத்தம். 1917 ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபோது, திரட்டப்பட்ட சேனைக்குப் போதிய பிஸ்டல்கள் இல்லை. ஆனால் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஆகிய இரு கம்பெனிகளிடமும் பெரிய ரிவால்வர்களைச் செய்யும் பட்டறைகள் தயாராக இருந்தன. போர்முனைக்கு இரண்டு வகைத் தோட்டாக்களை அனுப்பிக் குழப்பம் விளைவிப்பதைவிட, ரிவால்வரையே .45 பிஸ்டல் தோட்டாவுக்கு ஏற்பச் செய்வது சிலாக்கியமென்று ராணுவம் கருதிற்று. அதற்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பட்டறையில் கண்ட உபாயம் அரைநிலா கிளிப்: ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டை அரைவட்டமாக வெட்டி, மூன்று வாய்கள் குடைந்து, மூன்று தோட்டாக்களின் பள்ளங்களை அவற்றில் அழுத்தி மாட்டிவிட்டால், தோட்டாக்கள் இழந்த விளிம்பின் வேலையை அந்தத் தகடு ஏற்றுக்கொள்கிறது. இரண்டு அரைநிலாக்கள் சேர்ந்தால் ஆறு அறைகளும் நிறையும். தண்டை அழுத்தினால் தகட்டோடு வெற்றுறைகள் வெளியேறும். ராணுவத்தின் வேண்டுகோளின்படி, போட்டிக் கம்பெனியான கோல்ட்டும் இந்த உபாயத்தைக் கையாள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சம்மதித்தது.

இருவர் செய்த துப்பாக்கிகளுக்குள்ளும் ஒரு பேதம் இருந்தது. கோல்ட் கம்பெனி முதலில் செய்தவற்றில் அறைகள் நேர்க்குழாயாகத் துளைக்கப்பட்டிருந்தமையால், கிளிப் இல்லாமல் இட்ட தோட்டா முன்னே வழுக்கிப் போய்விடும், ஊசி எட்டாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அறைகளில் உறையின் வாய் முட்டி நிற்கும் படி இருந்தது. கிளிப் தொலைந்துபோன சிப்பாயும் அதைக் கொண்டு சுடலாம், ஆனால் வெற்றுறைகளை ஒரு பென்சிலாலோ குச்சியாலோ ஒவ்வொன்றாகக் குத்தித்தான் தள்ளவேண்டும். பிற்பாடு கோல்ட்டும் அந்தப் படியை வைத்தது. இரு கம்பெனிகளுமாகச் செய்துகொடுத்தவை மூன்று லட்சத்துக்கும் அதிகம். 1920-இல் பீட்டர்ஸ் கம்பெனி, கிளிப்பின் தடிமனுக்கு ஈடான கனத்த விளிம்புடன் ‘ஆட்டோ ரிம்’ என்ற தனித் தோட்டாவையே வெளியிட்டது. நீக்கிய விளிம்பை இரு மடங்காகத் திருப்பிக் கொடுத்தாற்போல் ஆயிற்று.

யுத்தகாலத்துத் தற்காலிக ஏற்பாடு என்று தோன்றிய கிளிப், உண்மையில் ரிவால்வரின் பழைய குறை ஒன்றைத் தீர்த்துவிட்டது என்பது என் துணிபு. ஆறு தோட்டாக்களையும் ஒரே தகட்டில் கோத்த முழுநிலா கிளிப்பை ஒரே அசைவில் உருளைக்குள் இடலாம். ஜெர்ரி மிக்யுலெக் என்ற அமெரிக்க வீரர் 1999-இல், ஆறு முறை சுட்டு, மீண்டும் நிரப்பி, இன்னும் ஆறு முறை சுடுவதை 2.99 விநாடிகளில் நிறைவேற்றியது இப்படிப்பட்ட .45 ரிவால்வரைக் கொண்டேதான்.

சட்டைப்பையில் அடங்கும் ஐந்து அறைச் சிறு ரிவால்வருக்கு 9 மில்லிமீட்டர் தோட்டாவை நாடுவதில் வேறொரு நியாயம் உண்டு. .38 ஸ்பெஷல் கரும்பொடி மருந்தின் காலத்து அளவில் பிறந்தது. அதன் உறை 29 மில்லிமீட்டர் நீளம். புகையற்ற மருந்து வந்தபின் அவ்வளவு இடம் தேவைப்படவில்லையாதலால் இன்றும் அந்த உறைக்குள் பெரும்பகுதி வெறுமையாகவே கிடக்கிறது. 9 மில்லிமீட்டர் உறையோ 19 மில்லிமீட்டர்தான். ஆயினும் அமெரிக்கத் தர அளவுப்படி முன்னதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, பின்னதற்கு 35,000 பவுண்டு. குறுகிய இடத்தில் மருந்து விரைந்து எரிவதனால், ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத குழலிலும் குண்டுக்குக் கணிசமான வேகம் கிட்டுகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1990-களில் 940 என்ற மாதிரியையும், ரூகர் கம்பெனி 2014-இல் எல்.சி.ஆர். வரிசையில் ஒன்றையும் இவ்வாறு செய்தன. அழுத்தம் இரட்டிப்பானதற்கு விலையும் உண்டு: ரூகரின் .38 ரிவால்வர் ஏறத்தாழ 380 கிராம்; 9 மில்லிமீட்டர் ரிவால்வர் ஏறத்தாழ 490 கிராம்.

இனி, இந்த விஷயத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த சூட்சுமம் ஒன்றைச் சொல்கிறேன். லேசான ரிவால்வரைச் சுடும்போது அது கையில் வெடுக்கென்று பின்னே உதைக்கிறது. உருளையில் மிஞ்சியிருக்கும் தோட்டாக்களின் உறைகள், அடியில் பிடிபட்டிருப்பதனால், துப்பாக்கியோடு பின்னே வருகின்றன. உறையின் வாயில் செருகிய ஈயக் குண்டோ, பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்கும் பிரயாணி இருந்த இடத்திலேயே பின்தங்கிப்போவதுபோல், ஜடத்துவத்தினால் தன் இடத்தை விடமாட்டேனென்கிறது. விளைவாக ஒவ்வொரு உதைப்புக்கும் குண்டு உறையிலிருந்து சிறிது சிறிதாக வெளியேறி, கடைசியில் உருளையின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு, உருளையைச் சுழலவிடாமல் பூட்டிவிடுகிறது. ரிவால்வர் தோட்டாவில் இந்த அபாயத்தைத் தடுக்க உறையின் வாயைக் குண்டின் மேலுள்ள காடியில் நன்றாக மடித்துவிடுவார்கள். 9 மில்லிமீட்டர் தோட்டாவிலோ, வாய்தானே அறையின் படியில் முட்டி நிற்கவேண்டும்? அதை மடித்துவிட்டால் பிஸ்டலில் தோட்டா நிலைகொள்ளாது. ஆகவே வாயை இலேசாக இறுக்கத்தான் முடிகிறது. பிஸ்டலுக்கு இன்றியமையாத குணமே ரிவால்வரில் தோஷமாக முடிகிறது!

கிளிப்பும் குறையற்றதன்று. சிறு ரிவால்வருக்கான தகடு மிக மெல்லியது. பையில் கிடந்து சற்றே கோணினாலும் உருளை உராய்ந்து இழுபடும். இதைத் தவிர்க்க 1980-களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 547 என்ற மாதிரியில் பள்ளத்தைப் பற்றும் சிறு விரல்களை நட்சத்திரத் தகட்டிலேயே அமைத்தது. அது ஐந்தாண்டு அளவிலேயே நின்றுபோயிற்று. சார்ட்டர் ஆர்ம்ஸ் கம்பெனியின் பிட்புல் ரிவால்வரில் வில்லோடு கூடிய நுண்ணிய பிடிகள் அதே காரியத்தைச் செய்கின்றன.

ஆயினும் பெரிய சௌகரியம் இன்னும் கைகூடவில்லை. உறை பத்து மில்லிமீட்டர் குறுகியிருக்க, உருளையும் சட்டமும் அதற்கேற்பக் குறுகியிருக்கவேண்டும். ஆனால் உற்பத்திச் செலவை எண்ணி, கம்பெனிகள் பெரும்பாலும் நீண்ட தோட்டாவுக்கென்று அமைந்த பழைய சட்டத்திலேயே குட்டைத் தோட்டாவைப் பொருத்துகின்றன. குண்டு குழலை எட்டுமுன் வெற்றிடம் ஒன்றைத் தாண்டிச் செல்கிறது. தோட்டாவின் அளவுக்கே அளவெடுத்துச் சட்டத்தையும் உருளையையும் புதிதாகச் செய்கிறவரை, 9 மில்லிமீட்டர் சிறு ரிவால்வரைப் பாதி முடிந்த யந்திரம் என்றே நான் சொல்வேன்.