டி. எஸ். பாலையா: குரலால் உருவம் தந்த நடிகர்

'குணச்சித்திர நடிகர்' என்பது அழகான தொடர். ஆயின், அதன் பொருளை ஆராய்வார் குறைவு. தலைவனாக நடிப்பவர் எப்படத்திலும் தாமாகவே தோன்றலாம். மக்கள் அதனையே விரும்புவர். குணச்சித்திர நடிகரோ ஒவ்வொரு படத்திலும் வேறோர் ஆளாக வேண்டும். அங்ஙனம் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாறி மாறி நின்றவர் டி. எஸ். பாலையா (1914–1972).

நெல்லைச் சீமையில் பிறந்த அவர், இளமையிலேயே நாடக மேடை ஏறினார். அக்காலத்துப் 'பாய்ஸ் கம்பெனி'கள் சிறுவரைச் சேர்த்துப் பாட்டும் வசனமும் பயிற்றி, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நாடகம் ஆடின. ஒலிபெருக்கி அரிதாயிருந்த காலம் அது. கடைசியில் மணல்மேல் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழ வேண்டும். விழாவிடின் வாத்தியாரின் பிரம்பு பேசும். பாலையாவின் குரல் அங்கே பதப்பட்ட குரல்.

1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி' அவருக்கு முதற்படம். எம். ஜி. ராமச்சந்திரனுக்கும் அதுவே முதற்படம். என். எஸ். கிருஷ்ணனும் அதில் நடித்தார். இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். தலைவன் கிருஷ்ணமூர்த்தியைக் குடிக்கு இழுத்துக் கெடுக்கும் இராமநாதன் வேடம் பாலையாவுக்கு வாய்த்தது. மலாயாத் தமிழர்க்கு இக்கதை வேறொரு வகையிலும் நெருக்கமானது. போதையில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பும் கிருஷ்ணமூர்த்தி, கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாளாகிறான். கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் வெட்டி, லயத்தில் குடியிருந்தவர்க்குக் கதைத் தலைவனின் அப்பாடு பிறர் பாடாகத் தோன்றியிராது.

மறு ஆண்டு 'அம்பிகாபதி'யில் ருத்திரசேனனாக வந்து வில்லன் என்னும் பெயரை உறுதிப்படுத்திக்கொண்டார். அப்பெயரோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத மிகுதியாக ஒன்றும் இராது. 1949இல் அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யில் அவர் மணி. பழி தீர்க்கத் துடிக்கும் ஆனந்தனுக்கு அறிவு புகட்டும் நண்பன். 1954இல் 'தூக்குத் தூக்கி'யில் வடநாட்டுச் சேட்டு. அச்சேட்டின் கொச்சைத் தமிழைத் தமிழாசிரியர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். எந்த ஒலி நெகிழ்கிறது, எந்த விகுதி பிறழ்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழை அவ்வளவு பொருத்தமாகப் பிழைபட நவில்வதற்கு, முதலில் அதைப் பிழையறக் கற்றிருக்க வேண்டும்.

அவரது திறனின் உச்சம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பலர் 1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யைச் சுட்டுவர். கோலாலம்பூரில் பிறந்த ரவிச்சந்திரன் கதாநாயகனாக அறிமுகமான படம் அது. அதில் பாலையா பணத்தாசை பிடித்த எஸ்டேட் முதலாளி விசுவநாதன். படம் எடுக்கும் பித்துக்கொண்ட மகன் செல்லப்பா, தன் பேய்க்கதையைத் தந்தைக்குச் சொல்கிறான். பேச்சு முழுதும் நாகேஷுக்கே உரியது. பாலையாவுக்குக் கேட்பதொன்றே வேலை. முதலில் அலட்சியம், பின்னர் ஐயம், பிறகு கண் உருண்டு, உடல் குறுகி, தன் வீட்டிலேயே தனக்குப் பாதுகாப்பில்லை என்னும் நிலை. கதை அச்சந்தருவது என்பதற்கு நமக்குள்ள சான்று அவர் முகம் மட்டுமே. நம் பள்ளி விழாக்களில் நாடகம் பயிற்றுவோர் பெரும்பாலும் நீண்ட வசனத்தை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடுகின்றனர். எதிரில் நிற்கும் பிள்ளை தன் முறை வரும்வரை மரமாக நிற்கிறது. அப்பிள்ளைக்கு இந்தக் காட்சியைக் காட்டலாம்.

1965இல் வந்த 'திருவிளையாடல்' வேறு தரத்தது. பரஞ்சோதி முனிவரின் விறகு விற்ற படலத்தில் வரும் ஏமநாதன் வடநாட்டு யாழ்ப்பாணன். இறைவன் விறகாளாய் வந்து சாதாரி பாடக் கேட்டு இரவோடு இரவாக ஓடுகிறவன். படத்தில் அவன் ஹேமநாத பாகவதர் ஆகிறான். செருக்கு மிக்க அவைப்பாடலுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. எனினும் பார்ப்பவர்க்கு அந்தச் சங்கீதம் பாலையாவின் உடம்பிலிருந்து வருவதாகவே தோன்றுகிறது. தொண்டை, கை, புருவம் யாவும் தாளத்தோடு இயைகின்றன. பின்னர் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்கும்போது அச்செருக்கு மெல்ல வடிகிறது. தோற்றவனை நகைக்குரியவனாக்குவது எளிது. பாலையா அவ்வாறு செய்யவில்லை. பிறர் பாட்டின் உயர்வை உணர்வதற்கும் வித்துவம் வேண்டுமன்றோ? பாகவதர் பெரிய வித்துவான் என்பதை அவர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சிவனின் பாட்டுக்கு அதனாலேயே எடை கூடுகிறது.

மூன்றாண்டு கழித்து, அதே ஏ. பி. நாகராசனின் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில் வித்துவானாக அமர்ந்தார். நாகசுரக்காரரின் கோபத்துக்குத் தாளம் பிடித்தும், வேண்டும்போது அதைத் தட்டி அடக்கியும் செல்லும் வேடம் அது. 1972இல் மறைந்தார். அவர் மகன் ஜூனியர் பாலையாவும் தந்தை வழியிலேயே துணை வேடங்களில் நடித்து, 2023இல் காலமானார்.