தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகலாமா?

சென்னை சபாக்களில் மார்கழிதோறும் நடக்கும் கூத்து இது. பிரதான கீர்த்தனைக்குக் கற்பனை சுரம் பாடி முடித்த பாடகர், மிருதங்கக்காரர் பக்கம் திரும்பித் தலையசைப்பார். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது என்று அர்த்தம். அடுத்த நிமிடமே வரிசை வரிசையாக நாற்காலிகள் கிறீச்சிடும். கேன்டீனில் ரவா தோசைக்குக் கூட்டம் சேர்வது அப்போதுதான்.

இதில் நம்மவர்கள் மட்டும் குற்றவாளிகள் அல்ல. மேலை நாட்டு ராக் கச்சேரியில் டிரம்ஸ் வாசிப்பவரைத் தனியாக விட்டால் பாதிப் பேர் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள் என்பது அங்கே பழைய கேலி. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டாருக்கே தனி வாசிப்பு பிடிக்காது. 1969-இல் வெளிவந்த ‘தி எண்ட்’ பாட்டில் சில நொடிகள் வாசித்ததோடு சரி.

திருவனந்தபுரத்தில் வேறொரு காட்சி. பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி நவராத்திரி மண்டபம் இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக எழுந்தருளும் சரஸ்வதியின் முன்னே, ஒன்பது மாலைகள் கச்சேரி நடக்கும். சுவாதித் திருநாள் (1813–1846) இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகள்தான் நாளுக்கு ஒன்றாகப் பிரதானம்: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, ஐந்தாம் நாள் பைரவி, ஒன்பதாம் நாள் ஆரபி. தாளக்கட்டு இல்லாத தானம் பாடும்போதும் மிருதங்கம் வாசிப்பது இந்த மண்டபத்தின் தனி வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. இங்கே யாரும் கைதட்டக் கூடாது, இது வழிபாடு.

கைதட்டல் இல்லாத இடத்தில் தோல் வாத்தியக்காரரின் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். வேகத்தைக் கூட்டி, சத்தத்தை ஏற்றி, கடைசியில் சபையை அதிரவைத்துத் தப்பிக்க முடியாது. வாசிப்பில் சரக்கு இருந்தாக வேண்டும். அந்தச் சரக்கு என்ன என்பதற்கு இயற்பியலிலும் நரம்பியலிலும் பள்ளிக்கூடக் கணக்கிலும் பதில் இருக்கிறது.

பாடுகிற தோல்

வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோல் ஒன்றைத் தட்டினால் ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும், சுருதி வராது. காரணம் எளியது. வீணைத் தந்தி அதிரும்போது அதன் அடிப்படை அதிர்வெண்ணோடு 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என முழு எண் வரிசையில் மேலதிர்வுகளும் எழும். அந்த வரிசையைத்தான் காது ஒரே சுரமாகக் கோத்துக்கொள்கிறது. தோலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதன் மேலதிர்வுகள் ஏறக்குறைய 1.59, 2.14, 2.30, 2.65 மடங்கு என்று தாறுமாறாக விழும். காதுக்கு அது இரைச்சல்.

மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலை மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சர் சி.வி. ராமன். சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் ஒரு குறிப்பு வெளியிட்டார். 1930-களில் விரிவான ஆய்வாகவும் எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டிப் பார்த்தார். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்க, தோல் எந்தெந்த வடிவங்களில் அதிர்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது.

ரகசியம் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தில். சோற்றையும் கல்பொடியையும் குழைத்து, மெல்லிய படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுகிற ‘சாதம்’ அது. அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை வெவ்வேறு அளவில் தாழ்த்தி வரிசைக்குக் கொண்டுவருகிறது. தோலின் முதல் ஒன்பது அதிர்வு வடிவங்களும் ஐந்தே சுரங்களில் வந்து ஒன்றுசேர்கின்றன என்று ராமன் காட்டினார். அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் இருந்தன. இயற்கை கொடுக்காத ஒழுங்கைத் தோல்தொழிலாளியின் விரல் ஏற்றிவைத்திருக்கிறது. சாதம் வைப்பதும் வார் பிடிப்பதும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் வித்தை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு அதைச் செய்துகொடுத்தவர் பர்லாந்து. கச்சேரி அழைப்பிதழ்களில் இந்தத் தொழிலாளிகளின் பெயரைப் பார்ப்பது அரிது.

வாசிப்பவர் கையையும் கிட்டத்தில் பாருங்கள். ‘நம்’ என்ற சொல்லுக்கு மோதிர விரல் சாதத்தின் ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் வெளிவளையமான மீட்டில் அடிக்கிறது. தொட்ட விரல் அடிப்படை அதிர்வை அமுக்கிவிடுவதால் அதற்கு மேலுள்ள சுரம் துலங்குகிறது. இடப்பக்கத் தொப்பியிலோ ரவை அப்பிய தோல் கும்மென்று கும்காரம் போடும். ஆக, தனி ஆவர்த்தனம் என்பது ஒரே ‘டம்’மைப் பத்து நிமிடம் கேட்பதல்ல, உச்சமும் மந்தரமும் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்பது.

ஒலிக்காத அடி

சுருதி மட்டும் போதாது. தாளத்தில் மனசு ஏன் ஒட்டுகிறது என்பதற்கு மூளைதான் சாட்சி.

2009-இல் இஷ்ட்வான் விங்க்லர் என்ற ஹங்கேரிய விஞ்ஞானியும் சகாக்களும் பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் ஒரு ராக் டிரம்ஸ் தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். இடையிடையே ஓர் அடியை விட்டுவிடுவார்கள். முக்கியமில்லாத அடி விடுபட்டபோது குழந்தைகளின் மூளையலைகளில் பெரிய மாற்றம் இல்லை. தாளத்தின் தலையடி விடுபட்டபோது மட்டும் மூளை திடுக்கிட்டது. வரவேண்டியது வரவில்லை என்று தூங்குகிற சிசுவுக்கே தெரிகிறது. அசையாமல் படுத்துக்கொண்டு தாளம் கேட்கிற பெரியவர்களின் மூளையிலும் உடலை அசைக்கிற பகுதிகள் விழித்துக்கொள்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாளம் கேட்பதே ஒருவகையில் அடுத்த அடியை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பதுதான்.

எவ்வளவு சிக்கல் இருந்தால் ரசிக்கும்? 2014-இல் மரியா விடெக்கும் சகாக்களும், பல அளவில் அடி தள்ளி விழும் டிரம்ஸ் துணுக்குகளை மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அடி எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்த துணுக்கும் கேட்டவர்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை. ஒரேயடியாகக் குழப்பியதும் ஈர்க்கவில்லை. நடுத்தரச் சிக்கலுக்குத்தான் ஆடத் தோன்றியது, இன்பமும் கூடியது. எதிர்பார்ப்பு ஒன்று மனசில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது அவ்வப்போது ஏமாற வேண்டும். ஆனால் அறுந்துபோகக் கூடாது.

தனி ஆவர்த்தனத்தின் சூட்சுமம் இங்கேதான். தாளத்தை மிருதங்கம் அடிக்காது. பாடகரின் தொடையிலும் ரசிகரின் கையிலும் அது ஓடும். மிருதங்கம் அதன் மேலும் கீழும் குறுக்கும் போய்வரும். புள்ளி தெரியாதவருக்குச் சிக்குக் கோலம் வெறும் கிறுக்கல்தான். எழுந்து போகிறவர்களுக்குத் தோன்றுவதும் அதுவே.

மூன்று பத்தும் இரண்டு ஒன்றும்

கையைத் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளம்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு அட்சரம் வைத்தால் 32.

இப்போது ஒரு சின்னத் தீர்மானம். ‘தக தகிட ததிங்கிணதொம்’: இரண்டு, மூன்று, ஐந்து, கூட்டினால் 10. இதை மூன்று முறை சொல்லுங்கள், நடுவே ஒவ்வோர் அட்சரம் இடைவெளி விட்டு. 10+1+10+1+10. சரியாக 32. அடுத்த சுற்றின் முதல் தட்டில், அதாவது சமத்தில், வந்து இறங்குவீர்கள்.

சொல் ஒன்றுதான்; அது விழும் இடம் மாறுவதுதான் வேடிக்கை. முதல் தடவை தட்டோடு சேர்ந்து தொடங்குகிறது. இரண்டாவது, மோதிர விரலின் கடைசிக் கால்பகுதியில். மூன்றாவது, முதல் வீச்சின் நட்டநடுவில். தாளம் போடுகிற கைக்கு ஒரே சொல் மூன்று விதமாகக் கேட்கும். தரையைத் தொடாமல் ஓடி, கடைசியில் எல்லோரும் ஒன்றாக இறங்கும் அந்தச் சமத்தில், கணக்கு வைத்திருந்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். வைக்காதவருக்கு ‘முடிந்துவிட்டது’ என்று மட்டும் தெரியும்.

மேடையில் இது பன்மடங்கு பெருகும். மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் மாறி மாறி வாசித்து, ஆவர்த்தனங்களை இரண்டு, ஒன்று, அரை, கால் எனச் சுருக்கிக்கொண்டே வருவது குறைப்பு. பிறகு எல்லோரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டுகள். நவராத்திரி மண்டபத்தின் ஐந்தாம் நாள் பைரவிக் கீர்த்தனை ‘ஜனனி மாமவ’ மிஸ்ர சாபு. அங்கே மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழில் இத்தனை கணக்கும் போட வேண்டும். இந்தக் கணக்கு வழியை வளர்த்ததில் புதுக்கோட்டைக்குப் பெரிய பங்கு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் பரம்பரை அது. தட்சிணாமூர்த்தி பிள்ளையும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் அதில் வந்தவர்கள்.

அங்கேயும் அதே விதி

இந்த அளவுகோலை வைத்து மேலை நாட்டு டிரம்ஸைக் கேட்டுப் பாருங்கள். டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ (1959) ஐந்து எண்ணிக்கையில் ஓடும் ஜாஸ் உருப்படி. டிரம்ஸ்காரர் ஜோ மொரெல்லோ தனியாக வாசிக்கும்போது, புரூபெக்கின் பியானோ அதே சின்னச் சொற்கட்டை விடாமல் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கும். நம் சபையில் ரசிகரின் கை செய்கிற வேலையை அங்கே பியானோ செய்கிறது. அந்த ஐந்து கைவிட்டுப் போகாததால் மொரெல்லோ வைக்கிற இடைவெளிகூட இனிக்கும். மாக்ஸ் ரோச்சின் ‘தி டிரம் ஆல்சோ வால்ட்ஸஸ்’ (1966) முழுக்கத் தனி டிரம்ஸ். அதில் கால் மிதிகள் மூன்று எண்ணிக்கைத் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்க, கைகள் மேலே பேசும். ஒரே ஆள் தாளமும் போட்டு, தனியும் வாசிக்கிறார்.

ராக் மேடையில் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். லெட் செப்பலின் குழுவின் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹம் ‘மோபி டிக்’ உருப்படியைப் பதிவில் (1969) அடக்கமாக வாசித்தார். மேடையிலோ அது அரைமணி நேரம் வரை நீண்டதுண்டு. பான்ஹம் மேதை, சந்தேகமில்லை. ஆனால் சுற்றுக்கணக்கு இல்லாமல் நீளும் வாசிப்பில் சமம் எங்கே என்று கேட்பவருக்குத் தெரியாது. சமம் தெரியாவிட்டால் சத்தமும் வேகமும்தான் மிச்சம். அதற்குக் காபி சாப்பிடப் போவது நியாயமே.

நீளம்தான் குற்றமா என்றால், இல்லை. கேரளக் கோயில் முற்றங்களில் செண்டையில் வாசிக்கும் தாயம்பகை ஒன்றரை மணி நேரம்கூடப் போகும். பாட்டு இல்லை, சுரம் இல்லை. பதிகாலத்தில் நிதானமாகத் தொடங்கி, கூறு, இடவட்டம் கடந்து, இரிகிடையில் உச்சம் தொடும். ஆனால் பின்னால் வலந்தலைச் செண்டையும் இலத்தாளமும் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். முன்னால் நிற்கிற கூட்டமும் கையை வீசித் தாளம் போட்டபடியே நிற்கும். ஒருவரும் நகரமாட்டார்கள்.

ஆக, கேட்கத் தகுந்த தனி வாசிப்புக்கு அடையாளம் இரண்டு. ஒலிக்காத தாளத்தை வாசிப்பவர் நமக்குக் கடைசிவரை உணர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்; அதைப் பிடித்துக்கொள்ள நம் கை தயாராக இருக்க வேண்டும். முதலாவது வித்வான் பாடு. இரண்டாவது நம் பாடு. அதற்கு வித்வத்து வேண்டாம், எட்டு வரை எண்ணத் தெரிந்தால் போதும். அடுத்த கச்சேரியில் தனி தொடங்கும்போது உட்கார்ந்த இடத்திலேயே இருந்து தாளம் போட்டுப் பாருங்கள். நடுவில் தவறினால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தோசை பத்து நிமிடம் கழித்தும் கிடைக்கும்.