வள்ளத்து இயந்திரம் முரண்டு பிடித்தால்?

கொம்பனித்தெருவை அணைத்துக் கிடக்கும் பேரை வாவியிலே, அன்னப்பறவை வடிவான படகுகளில் பிள்ளைகளுடன் அமர்ந்து, காலால் மிதித்து உலாவி வருவோரைக் காணலாம். கால் ஓய்ந்தால் படகும் ஓயும், அதனால் தீங்கொன்றுமில்லை. ஆனால், அதே கொழும்பின் வடபுறத்தே, முகத்துவாரப் பகுதியிலிருந்து கடலுக்குச் சென்று கரைதிரும்பும் வள்ளத்தின் நிலை வேறு. கியர் மாற்றும் வேளையில் இயந்திரம் நின்றுபோனால், பின்னே வரும் அலை வள்ளத்தைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடவுங் கூடும்.

வள்ளத்தின் பின்புறத்திற் பூட்டிக் கழற்றத்தக்க இவ்வியந்திரத்தை வெளியிணைப்பு இயந்திரம் என்பர். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்றூட் என்பார், 1909ஆம் ஆண்டில் மில்வோக்கி நகரிலிருந்து விற்பனைக்கு விட்ட இயந்திரத்தின் ஆற்றல் ஒன்றரைக் குதிரைவலுவே. அதிலே ‘நியூட்ரல்’ இல்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் படகும் ஓடும். இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் முன்னோட்டம், பின்னோட்டம், நியூட்ரல் ஆகிய மூன்றும் உண்டு.

இது எவ்வாறு நிகழ்கிறது? நீருக்கடியிலுள்ள கியர்ப் பெட்டியில் இரு பற்சில்லுகள் எதிரெதிர்த் திசைகளில் ஓயாது சுழல்கின்றன. இடையே பற்களுள்ள இணைப்பியொன்று இருக்கிறது. அது முன்னே நகர்ந்து ஒன்றைப் பற்றினால் வள்ளம் முன்செல்லும். மற்றதைப் பற்றினால் பின்செல்லும். எதனையும் பற்றாதிருப்பதே நியூட்ரல். சுழலும் பல்லை நிற்கும் பல் பற்றுவதாயின், சுழற்சி மெதுவாயிருத்தல் அவசியமன்றோ?

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். கியர் ‘கடகட’வென்று சத்தமிட்டதும் கியர் கெட்டுவிட்டதென முடிவு செய்கின்றனர். உண்மையிலே, பாரமின்றி இயந்திரம் மெல்ல ஓடும் ‘ஐடில்’ வேகம் மிகுதியாயிருந்தால் பற்கள் மோதிச் சத்தமிடும். குறைவாயிருந்தால் கியர் விழுந்ததும் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே, கியரை ஆராயுமுன் ஐடிலை ஆராய்க.

பழைய பெற்றோல் காபரேற்றரின் நுண்துளையில் பசைபோற் படியும். விரைவாக ஓடும்போது நன்றாயிருந்து, மெதுவாக்கியதும் இயந்திரம் திணறினால், முதற் சந்தேகம் அத்துளை மீதே. எண்ணெயில் நீர் கலந்துள்ளதா, வடி அடைத்துள்ளதா, பிளக் கரிபிடித்துள்ளதா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமாயின், நிறுத்துவதற்குச் சற்று முன் பெற்றோலுக்கு மாற்றுதல் நன்று; இல்லையேல் அடுத்த முறை குளிர்ந்த இயந்திரம் எளிதிற் பற்றாது. இவற்றைச் சீராக்கிய பின்னரே, வள்ளத்தை உறுதியாகக் கட்டி, இயந்திரம் சூடேறியதும், கைநூல் கூறும் அளவுக்கு ஐடில் திருகாணியைத் திருப்புக. நீரின்றி இயந்திரத்தை ஓட்டலாகாது. குளிர்நீர்ப் பம்பி பழுதாகும்.

ஐடில் சரியாகியும் கியர் விழவில்லையா? இயந்திரத்தை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கியர்க் கேபிளையும் கழற்றுக. நீரைத் தள்ளும் விசிறியைக் கையாற் சுற்றியவாறே, இயந்திரத்திலுள்ள நெம்பை நகர்த்துக. இலகுவாக நகர்ந்தால் குற்றம் கறல்பிடித்த கேபிளிலேயே உள்ளது. நகராவிடில் கியர் ஒயிலைச் சிறிது வடித்துப் பார்க்க. அது பாலைப்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. இரும்புத் துகள் மின்னினால் பற்கள் தேய்ந்துள்ளன. அப்பொழுதுதான் மெக்கானிக்கிடம் பெட்டியைத் திறக்கக் கொடுத்தல் வேண்டும்.

மற்றொன்று: பற்கள் நோகாதிருக்க நெம்பை மெல்ல மெல்லத் தள்ளுதல் நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அரைகுறையாகப் பற்றும் பல்லே முனை மழுங்கும். வேகத்தை முற்றாகக் குறைத்து, நெம்பை ஒரே மூச்சில் உறுதியாகத் தள்ளுதலே முறை.

2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, வள்ளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அத்தகையோர்க்கு வேண்டாத உதிரிப்பாகம் வாங்குவது தாங்கவொண்ணாச் செலவு. செலவற்ற சோதனையை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் செய்க. மாணவர்களே, விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் கற்கும் காரண காரிய ஆராய்ச்சி இதுவேயன்றி வேறன்று. கடலுக்குச் செல்பவர் உங்கள் வீட்டில் இருப்பின், இன்று மாலையே அவருடன் இதனைப் படித்துப் பாருங்கள்.