முதுகை அளந்து பை கொடுப்போம்!

அரை கிலோ துவரம்பருப்பு கேட்டால் தராசில் நிறுத்துக் கொடுக்கிறோம். செருப்புக் கேட்டால் காலைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறோம். வளையல் கேட்டால் கையளவு கேட்கிறோம். ஆனால் மூன்று நாள் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏற வேண்டிய பையை மட்டும், "என்ன கலர் வேண்டும்?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். நம்மில் பலர் செய்யும் தவறு இது. நாங்களும் செய்தோம். அந்த அனுபவத்தையும் அதன் பிறகு கற்றுக்கொண்டதையும் வணிக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வது நம் கடமை என்று கருதி எழுதுகிறோம்.

மளிகையோடு பயணச் சாமான்களும் வைத்து வியாபாரம் செய்பவர்கள் நம் சங்கத்தில் உண்டு. யாத்திரை சீசனில் ஸ்வெட்டர், குல்லா, டார்ச் லைட், பை ஆகியவை நன்றாகவே ஓடும். முன்பெல்லாம் பெண்கள் யாத்திரை போனால் சாமான்களை ஆண்கள் தூக்கி வருவார்கள். இன்று பெண்கள் குழுவாகவே அமர்நாத் போகிறார்கள், இமயமலையில் நடைப்பயணம் போகிறார்கள். தங்கள் சுமையைத் தாங்களே சுமக்கிறார்கள். அவர்கள் நம் கடைக்கு வந்து பை கேட்கும்போது, சரியான பை எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டாமா?

டீச்சர் சொன்ன ஒரு வார்த்தை

2023-ஆம் ஆண்டு அமர்நாத் யாத்திரை சீசன். எங்கள் வாடிக்கையாளரான ஒரு ஆசிரியை வந்து, "அண்ணாச்சி, மூணு நாள் மலை ஏறணும். நல்ல பையா கொடுங்க" என்றார். இருந்ததிலேயே பெரிய பையை எடுத்துக் கொடுத்தோம். 65 லிட்டர் பை. விலையும் அதிகம், லாபமும் அதிகம். நல்ல பொருளைத்தான் கொடுத்தோம் என்ற திருப்தி வேறு.

பஹல்காம் வழியில் போகும் யாத்திரிகர்கள் சந்தன்வாடி வரை வண்டியில் போய், அங்கிருந்து குகை வரை சுமார் 32 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இடையில் சேஷ்நாக், பஞ்ச்தரணி ஆகிய இடங்களில் தங்குவார்கள். வழியில் உள்ள மகாகுணாஸ் கணவாய் 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரம். அந்த உயரத்தில் வெறுங்கையோடு நடந்தாலே மூச்சு வாங்கும்.

ஊர் திரும்பியதும் டீச்சர் பையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். முதல் நாள் இரவு சேஷ்நாக் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோளும் புண்ணாகி, கைவிரல்கள் மரத்துப் போயினவாம். மறுநாள் சுமைகூலிக்கு ஆள் பிடித்துப் பையைக் கொடுத்துவிட்டுத்தான் நடந்திருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, சண்டை போடவும் இல்லை. "பை ஒண்ணும் மோசமில்ல அண்ணாச்சி. ஆனா நீங்க கலர் கேட்டீங்க, எத்தனை கிலோ கேட்டீங்க, என் முதுகைக் கேக்கலையே" என்றார்.

சண்டை போட்டிருந்தால் அன்றோடு மறந்திருப்போம். இந்த வார்த்தை மறக்கவில்லை. அதன் பிறகுதான் இந்தப் பைகளின் அமைப்பை உட்கார்ந்து படித்தோம், விற்பனைப் பிரதிநிதிகளைக் கேட்டோம், நாங்களே சுமந்தும் பார்த்தோம்.

சுமை தோளுக்கல்ல, இடுப்புக்கு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் டிக் கெல்டி என்பவர் மலைநடைப் பிரியர். ஒரு பயணத்தில், தம் பையின் மரச்சட்டத்தின் கீழ்முனைகளைக் கால்சட்டையின் பின் பாக்கெட்டுகளில் சொருகிக்கொண்டு நடந்தபோது தோளில் பாரம் குறைந்ததைக் கண்டார். பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. 1952-இல் அவரும் மனைவி நீனாவும் வீட்டிலேயே, அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். சட்டத்தை அவர் வளைக்க, பையை அம்மையார் தைத்தார். கணவனும் மனைவியுமாகத் தொடங்கிய சிறு தொழில், பின்னால் பெரிய பெயர் பெற்றது. இன்று சட்டம் பைக்கு உள்ளே மறைந்துவிட்டது. ஆனால் இடுப்பில் சுமை என்ற தத்துவம் மாறவில்லை.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத்தானே சுமந்தார்கள்! நல்ல மலைநடைப் பையில் பெரும்பகுதி எடை, ஏறக்குறைய முக்கால் பங்குக்கும் மேல், இடுப்பெலும்பின் மீது இருக்க வேண்டும். தோள் வார்கள் பையை முதுகோடு சேர்த்துப் பிடிக்க மட்டுமே. பள்ளிக்கூடப் பை போல முழு எடையும் தோளில் தொங்கினால், எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது போல, வார் உரசத் தோளும் புண்ணாகும். தோளில் உள்ள நரம்பு அழுந்தினால் கை மரத்துப் போகும். டீச்சருக்கு நேர்ந்தது அதுதான்.

அளப்பது எப்படி?

ஆளின் உயரத்தைப் பார்த்துப் பை கொடுக்கக் கூடாது. முதுகின் நீளம்தான் கணக்கு. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருக்கலாம்.

தலையைக் குனியச் சொன்னால் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அது மேல் அளவு. பிறகு இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், கட்டைவிரல்கள் பின்பக்கம் இருக்குமாறு வைக்கச் சொல்ல வேண்டும். இரு கட்டைவிரல்களையும் இணைத்து ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டால் அது கீழ் அளவு. மேலிருந்து கீழ்வரை தையற்காரர் டேப்பால் முதுகெலும்பை ஒட்டி அளந்தால் வருவதே முதுகு நீளம். கூட வந்த தோழியோ, நம் கடையில் உள்ள பெண் ஊழியரோ, வீட்டுப் பெண்களோ அளப்பதே முறை. டேப்பை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று நாம் சொன்னால் போதும்.

கம்பெனிக்குக் கம்பெனி சிறு வித்தியாசம் இருந்தாலும், பொதுவாக 39 சென்டிமீட்டருக்குள் என்றால் மிகச் சிறியது, 40 முதல் 44 வரை சிறியது, 45 முதல் 49 வரை நடுத்தரம், 50-க்கு மேல் பெரியது. டீச்சரை அளந்து பார்த்தபோது 40 தான் வந்தது. நாங்கள் கொடுத்த பை 48 சென்டிமீட்டர் முதுகுக்கானது. இடுப்புப் பட்டையை இடுப்பில் கட்டினால் தோள் வார் தோளில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். தோள் வாரை இழுத்தால் பட்டை தொடைக்கு இறங்கிவிடும். அவர் பட்டையை அவிழ்த்துவிட்டுத் தோளிலேயே சுமந்திருக்கிறார். வேறு என்ன செய்வார்?

பெண்கள் பை என்றால் ரோஸ் கலர் அல்ல

ரோஸ் கலர் துணியில் தைத்து, பூப்போட்டு, "லேடீஸ் பேக்" என்று சீட்டு ஒட்டி வருவதையெல்லாம் பெண்கள் பை என்று நம்பிவிடக் கூடாது. பார்க்க வேண்டியவை இவை:

முதுகுச் சட்டம் குட்டையாக இருக்க வேண்டும், அல்லது ஏற்றி இறக்கும் வசதி இருக்க வேண்டும்.

தோள் வார்கள் இரண்டும் கழுத்தருகே சற்று நெருக்கமாகவும், குறுகலாகவும் அமைந்து, மார்பின் மேல் அழுத்தாமல் வளைந்து போக வேண்டும். நேர் வார் கக்கத்திலும் மார்பிலும் உரசும்.

இடுப்புப் பட்டை நேர்ப்பட்டையாக இல்லாமல், பெண்களின் இடுப்பு வளைவுக்கு ஏற்பக் கீழே விரிந்து இருக்க வேண்டும். உள்ளே வைத்த பஞ்சு கெட்டியாக இருப்பது நல்லது. கடையில் தொட்டால் மெத்தென்று இருக்கும் பஞ்சு, எடை ஏறினால் அப்பளமாகிவிடும்.

மார்புக்கு மேலே குறுக்கே வரும் சிறு வாரை மேலும் கீழும் நகர்த்த முடிய வேண்டும். அது காறை எலும்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்பது சரி.

உயரமான பெண்ணுக்குப் பொதுவான பையே பொருந்தலாம். குட்டை முதுகுள்ள ஆணுக்குப் பெண்கள் பை சுகமாக இருக்கலாம். சீட்டைப் பார்த்து விற்காமல் உடம்பைப் பார்த்து விற்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

எத்தனை லிட்டர், எத்தனை கிலோ?

பெரிய பை கொடுத்தால் நல்லது என்பது தவறான எண்ணம். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். ஓரிரு இரவுக்கு 35 முதல் 50 லிட்டர், கூடாரமும் சாப்பாடும் சுமந்து மூன்று முதல் ஐந்து இரவு போகிறவர்களுக்கு 50 லிட்டருக்கு மேல் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அமர்நாத் பாதையில் அன்னதானக் கூடங்கள் இருக்கின்றன, தங்கக் கூடாரமும் கிடைக்கிறது. அங்கே 40 லிட்டரே தாராளம். எங்கே போகிறீர்கள், சாப்பாடு யார் பொறுப்பு, கூடாரம் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் அளவு தானாகத் தெரிந்துவிடும்.

சாமானோடு சேர்த்துப் பையின் எடை, சுமப்பவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 52 கிலோ எடையுள்ளவர் என்றால் 10 கிலோ 400 கிராம். டீச்சர் சுமந்தது 14 கிலோ. வெறும் பையே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும் என்பதையும், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எடைக் கணக்குச் சொல்வதில் மளிகைக்காரரை மிஞ்ச யாரால் முடியும்?

துணியும் மழையும்

துணியின் தரத்தை டெனியர் என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், உழைப்பு அதிகம், எடையும் அதிகம். தரையில் உரசும் அடிப்பாகத்தில் தடித்த துணியும், மேற்பாகத்தில் மெல்லிய துணியும் வைத்த பையே புத்திசாலித்தனமான தயாரிப்பு.

"வாட்டர் புரூஃப்" என்று எழுதியிருந்தாலும் தையல் வழியும் ஜிப் வழியும் மழை இறங்கும். மேலே போட மழை உறையும், உள்ளே கெட்டியான பாலிதீன் பையும் அவசியம். சர்க்கரை மூட்டைக்குள் பாலிதீன் உறை இருப்பதன் காரணம் நமக்குத் தெரியாததா?

கடையிலேயே சுமக்கச் சொல்லுங்கள்

காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். இதிலேதான் மளிகைக் கடைக்கு ஒரு வசதி. 5 கிலோ அரிசிப் பை இரண்டை உள்ளே வைத்து மாட்டச் சொல்லுங்கள். முதலில் எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் படியவைத்துப் பூட்ட வேண்டும். அடுத்து தோள் வார்களை இழுக்க வேண்டும். பிறகு தோளுக்கு மேலே பையின் தலையோடு இணைக்கும் சிறு வார்களை, ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நிற்குமாறு லேசாக இழுக்க வேண்டும். கடைசியில் மார்பு வார். கால் மணி நேரம் கடைக்குள் நடக்கட்டும். படி இருந்தால் ஏறி இறங்கட்டும். அழுத்தும் இடத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சாமான் அடுக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். கம்பளியும் படுக்கையும் அடியில், கனமானவை நடுவில் முதுகை ஒட்டி, இலகுவானவை வெளிப்பக்கம், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னுக்கு இழுக்கும்.

நம் வியாபாரத்துக்கு

பத்து நிறத்தில் ஒரே அளவு வாங்கி அடுக்குவதைவிட, இரண்டு நிறத்தில் மூன்று அளவு வாங்குவது மேல். முதலீடு குறைவாக இருந்தால், முதுகு நீளத்தை ஏற்றி இறக்கும் பைகளையே வாங்கி வைக்கலாம். சரக்குத் தேங்காது. கொள்முதல் செய்யும்போதே அறுந்த பக்கிள், ஓடாத ஜிப் ஆகியவற்றுக்கு மாற்று உண்டா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரையைப் போலியாகக் குத்திய சரக்கு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

பில் கட்டாயம் கொடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகமாகும். "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று அச்சடித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

எங்கள் பையில் குறை இல்லை, கொடுத்த விதத்தில்தான் குறை. ஆகவே அந்தப் பையை எடுத்துக்கொண்டு, சிறிய முதுகுக்கான 40 லிட்டர் பையைக் கொடுத்து, வித்தியாசப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அந்த ஒரு பையில் எங்களுக்கு நஷ்டம்தான். மறு ஆண்டு டீச்சர் தம்மோடு வேலை பார்க்கும் நான்கு பேரை அழைத்து வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "முதல்ல முதுகை அளக்கணும். அண்ணாச்சி, டேப்பைக் கொடுங்க" என்று கை நீட்டினார்.

இப்போது எங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தராசும் இருக்கிறது, டேப்பும் இருக்கிறது.