காயலான் கடையில் ஒரு 9914

அம்பத்தூர் வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். சி.டி.எச். சாலையோரக் காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழைய சர்க்யூட் போர்டு. “இதில் தங்கம் தேறுமா? ஒரு ஏ.ஐ. செயலி இதைப் பிரின்டர் கார்டு என்கிறது, சரியா?” என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் ‘இல்லை’தான் பதில். முனைகளில் இருப்பது மெல்லிய பூச்சு. அதைக் கரைக்க ராஜதிராவகம் வாங்கினால் அந்தக் காசுகூடத் திரும்பாது; புகை மட்டும் நுரையீரலுக்கு மிஞ்சும். யூடியூப்காரர்கள் இதைக் காட்டுவதில்லை.

செயலி ஏமாந்தது கனெக்டரின் வடிவத்தில். பிரின்டருக்கு முனைகள் 36. படத்தில் எண்ணினால் 24. அப்படியானால் இது ஜி.பி.ஐ.பி., ஆய்வகக் கருவிகளைக் கணினியோடு பிணைக்கும் வழி. 1964இல் வந்த தொழிற்பேட்டையும் ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையும் இருக்கும் வட்டாரத்தில் அளவுக் கருவிகளின் மிச்சம் எடைக்கு வருவதில் வியப்பில்லை.

போர்டைப் படிக்கும்போது பெரிய சிப்பில் தொடங்காதீர்கள். கனெக்டரிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் 20 கால் சிப்கள் இரண்டு: 75160, 75161. அவற்றின் பின்னால், ஜி.பி.ஐ.பி.யை நடத்தும் 40 கால் டி.எம்.எஸ். 9914ஏ. வேறு போர்டுகளில் அந்த இடத்தில் என்.இ.சி.யின் 7210, இன்டெலின் 8291 இருக்கும். கீழே அச்சிட்ட 8432 என்பது 1984இன் 32ஆம் வாரம். 7438 என்று மட்டும் இருந்தால் குழப்பம்: 1974இன் 38ஆம் வாரமாகவும் இருக்கலாம், 7400 குடும்பச் சிப்பின் பெயராகவும் இருக்கலாம். 7474இல் அந்தக் கவலை இல்லை. 74ஆம் வாரம் எந்த ஆண்டிலும் வராது. போர்டின் வயதுக்கு, இருப்பதிலேயே பிந்திய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சிப் மட்டும் பல ஆண்டு பிந்தியிருந்தால், யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஹியூலெட் பேக்கார்டு தன் கருவிகளுக்காக வகுத்த இந்த வழியை, 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்று பொதுத் தரமாக்கினார்கள். போதும்.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள கைகுலுக்கல். கருவிகள் பகிரும் கம்பித் தொகுப்பான பஸ்ஸில் கடிகாரத் துடிப்பே கிடையாது. கம்பிகளை 3 கிலோ ஓம், 6.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சுமார் 3.4 வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கும். என்.ஆர்.எஃப்.டி., என்.டி.ஏ.சி. என்ற இரு கம்பிகளை எந்தக் கருவியும் பூமிக்கு இழுக்கலாம்; மேலே தள்ள எதற்கும் அதிகாரமில்லை. ஆகவே அத்தனை பேரும் விட்டால்தான் கம்பி எழும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலைக்குக் குறுக்கே கை வைத்திருந்தாலும் வாளி நகராது. அந்தக் கை என்.ஆர்.எஃப்.டி. எல்லோரும் கையை எடுத்ததும் பரிமாறுபவர் ரசத்தை ஊற்றி ‘போட்டாச்சு’ என்கிறார், அது டி.ஏ.வி. கம்பி. பல் போன தாத்தா கடைசி வாயை விழுங்கும்வரை என்.டி.ஏ.சி. கீழேயே கிடக்கும், அதுவரை மோர் வராது. நடுவில் பெண்ணின் மாமா கை தட்டினால் எல்லோரும் அவரைப் பார்க்க வேண்டும், அது ஏ.டி.என். பந்திக்கு 15 பேர், பாய் 20 மீட்டர், அதற்கு மேல் கூடாது.

வினாடிக்கு 10 லட்சம் பைட் என்று விளம்பரத் தாள்கள் முழங்கின. கேட்பவர்களில் ஒரு மந்தமான வோல்ட்மீட்டர் இருந்தால், அது விழுங்கும் வேகம்தான் எல்லோருக்கும். தாத்தா இலையிலேயே தூங்கிவிட்டால் பந்தியே நின்றுபோகும். பஸ் உறைந்தால் பழைய மெக்கானிக்குகள் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் என்.டி.ஏ.சி. எழுகிறது என்று மல்டிமீட்டரில் பார்ப்பது இதனால்தான்.

வாசகருக்கு: போர்டை அமிலத்தில் போடாதீர்கள். பழைய மீட்டர் பழுது பார்ப்பவருக்கு அந்த 9914 உதவும். கேபிளை மாட்டிப் பார்ப்பதானால் திருகின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு மெட்ரிக் மரை, வெள்ளி அங்குல மரை. மாற்றி முறுக்கினால் மரை போய்விடும்.