இளவேனில் மலைநடை

இமாசலப் பிரதேசத்தின் தௌலாதார் மலைச்சரிவில், ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில், திரியுண்டு என்னும் புல்வெளி அமைந்துள்ளது. மெக்லியோட்கஞ்சிலிருந்து புறப்படுவோர் ஒரே நாளில் ஏறித் திரும்பலாம். பங்குனி, சித்திரைத் திங்கள்களில் இம்மலைக் காட்டில் புரான்ஸ் மரங்கள் செந்நிறமாய்ப் பூத்து நிற்கும். இம்மரத்தின் உறவினம் நம் நீலகிரியிலும் உண்டு.

நண்பர்களோடு நாயையும் அழைத்துச் செல்வோர் அதன் கழுத்துவாரைக் கையிலிருந்து விடலாகாது. ஏன் தெரியுமா? இளவேனிலில் காட்டுக்கோழி இனப் பறவைகள் தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கும். அவிழ்த்துவிட்ட நாய் அக்கூட்டைக் கலைத்துவிடும். நாய்க்கும் ஆபத்து உண்டு. சிறுத்தைகள் நாய்களை வேட்டையாடும். அப்போது கழுத்தையே கவ்வும். ஆதலால் இமயமலை ஆட்டிடையர் தம் காவல் நாய்களுக்கு முள் பதித்த இரும்புப் பட்டை அணிவிப்பர்.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. அது நாக்கை நீட்டி இரைத்தே வெப்பத்தைத் தணிக்கும். எனவே அதற்கும் தண்ணீர் எடுத்துச் செல்லுதல் வேண்டும். பிற்பகலில் மேகம் திரண்டு இடியும் மழையும் வருவதுண்டு. ஆகையால் விடியலில் புறப்பட்டு, நண்பகலில் இறங்கத் தொடங்குதல் நன்று.

நாம் திரும்பிய பின்னும் தாய்ப்பறவை தன் கூட்டில் அமைதியாக அடைகாக்குமாயின், அதுவே நல்ல மலைநடை.